எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே மாறி: லாராவெலில் பொதுத் தரவு டெம்ப்ளேட்டை வந்தடையும் வழிகள்

பி.எச்.பி. மொழியின் ஃபிரேம்வொர்க்கான லாராவெலில் எழுதிய தளம் ஒன்றின் தலைப்பகுதியில் பயனரின் பெயரைக் காட்ட வேண்டும். செயலி தொடங்கும்போதே ஓடும் சர்வீஸ் புரொவைடரில் ஒரே வரியில் பகிர்ந்துவிடலாம் என்று படித்து ஒருவர் அப்படியே செய்கிறார். உள்நுழைந்த பிறகும் பெயர் வருவதில்லை. மாறி வெறுமையாகவே இருக்கிறது. அந்த வரியை, ஒவ்வொரு கோரிக்கையும் வழியில் கடந்துபோகும் மிடில்வேருக்கு மாற்றுகிறார், பெயர் வந்துவிடுகிறது. சில நாள் கழித்து, இல்லாத முகவரியைத் தட்டிய வாசகருக்கு 'பக்கம் இல்லை' என்னும் 404 பக்கத்துக்குப் பதிலாக, சர்வரே தடுமாறியதைச் சொல்லும் 500 பிழை போகிறது. வெறுத்துப்போய் எல்லா வியூக்களுக்கும் சேர்த்து, அவை வரையப்படும் முன் ஓடித் தரவு தரும் ஒரு கம்போசர் எழுதுகிறார். பிழைகள் நின்றுவிடுகின்றன, ஆனால் பட்டியல் பக்கம் நத்தையாக ஊர்கிறது.

மூன்று தொல்லைகளுக்கும் வேர் ஒன்றுதான். பொது மாறியை எந்தக் கோப்பில் எழுதுவது என்றுதான் எல்லோரும் தேடுகிறார்கள். தேட வேண்டியது வேறு: இந்த மதிப்பு எந்த நேரத்தில் தெரியவருகிறது, எந்த டெம்ப்ளேட்டுக்கு, அதாவது பக்கத்தின் எந்த வார்ப்புருவுக்கு, அது தேவை? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் கோப்பு தானாகவே முடிவாகிவிடும்.

## டெம்ப்ளேட்டுக்கு என்னென்ன தெரியும்?

பழைய பாணி பி.எச்.பி.யில் இந்தக் கேள்வியே எழவில்லை. தலைப்பகுதிக் கோப்பை இன்க்ளூட் செய்தால், அந்த வரி வரை உருவான மாறிகள் எல்லாமே அங்கே கிடைக்கும். வசதிதான், எந்த மாறி எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது என்பது அதற்குக் கொடுத்த விலை. 2011-இல் டெய்லர் ஓட்வெல் வெளியிட்ட லாராவெல் உட்பட, பின்னால் வந்த ஃபிரேம்வொர்க்குகள் இடையில் ஒரு சுவர் எழுப்பின. ஒரு முகவரிக்குரிய வேலையைச் செய்யும் கன்ட்ரோலர் தரவைத் திரட்டும். டெம்ப்ளேட் தன் கையில் கொடுத்ததை மட்டும் காட்டும்.

இந்தக் கட்டுரையில் அடிக்கடி வரும் சொற்கள் இவை. கோரிக்கை என்பது ஒரு பக்கத்தையோ தரவையோ தரும்படி பிரவுசர் சர்வரிடம் கேட்பது. பிளேட் என்பது லாராவெலின் டெம்ப்ளேட் மொழி. அதில் எழுதுவது சாதாரண பி.எச்.பி. கோப்பாக மாற்றப்பட்டு, சேமிக்கப்பட்டு, பிறகு இயக்கப்படுகிறது. வியூ என்பது ஒரு டெம்ப்ளேட்டின் பெயரையும் அதற்குரிய தரவையும் சேர்த்துச் சுமக்கும் பொருள். லேஅவுட் என்பது தலைப்பகுதி, அடிப்பகுதி எல்லாம் அடங்கிய வெளிச்சட்டம். ஒவ்வொரு பக்கமும் அதை நீட்டித்து எழுதப்படுகிறது.

எடுத்துக்காட்டாக ஒரு புத்தகக் கடைத் தளத்தை வைத்துக்கொள்வோம். அதன் தலைப்பகுதி நான்கு விஷயங்களைக் கேட்கிறது: கடையின் பெயர், புத்தக வகைகளின் பட்டியல், உள்நுழைந்தவரின் பெயர், கூடையில் இருக்கும் புத்தகங்களின் எண்ணிக்கை. நூல் பக்கத்தின் கன்ட்ரோலருக்கு நூலைப் பற்றித் தெரியும். கூடையைப் பற்றி அது ஏன் கவலைப்பட வேண்டும்? ஒவ்வொரு கன்ட்ரோலரும் இந்த நான்கையும் அனுப்பினால் ஒரே வரிகள் முப்பது இடங்களில் நகலாகும். ஓரிடத்தில் விட்டுப்போனால் 'வரையறுக்கப்படாத மாறி' என்று பக்கம் விழும். மூல மொழியைப் பொறுத்தவரை இது உயிர்போகும் குற்றமில்லை, பி.எச்.பி. 8.0 வரும்வரை வெறும் அறிவிப்பாக இருந்து, அதன் பிறகு எச்சரிக்கையாக உயர்ந்தது, அவ்வளவுதான். லாராவெலோ இரண்டையும் விதிவிலக்காக (ஓட்டத்தை நிறுத்தும் பிழையாக) மாற்றிப் பக்கத்தையே நிறுத்திவிடுகிறது. அது நல்லதுதான், பிழை உடனே கண்ணில் படுகிறது.

## ஒரு கோரிக்கை கடந்துபோகும் கட்டங்கள்

இனி வரும் எல்லாமே கீழ்க்காணும் வரிசையைப் பொறுத்தது.

1. பூட் கட்டம். சர்வீஸ் புரொவைடர்கள் பதிவாகி, அவற்றின் பூட் செயல்பாடுகள் ஓடுகின்றன. வந்தவரைப் பற்றிய தரவைக் கோரிக்கைகளுக்கிடையே நினைவில் வைக்கும் செஷன் இன்னும் திறக்கவில்லை. யார் வந்திருக்கிறார் என்பது யாருக்கும் தெரியாது.
2. எல்லாக் கோரிக்கைகளுக்குமான பொது மிடில்வேர்கள் ஓடுகின்றன. பிறகு முகவரிக்கு ஏற்ற ரூட், அதாவது எந்த முகவரிக்கு எந்தக் கன்ட்ரோலர் என்ற பதிவு, தேடப்படுகிறது.
3. ரூட் கிடைத்தால் மட்டுமே அதற்குரிய மிடில்வேர் குழு ஓடும். வழக்கமான 'வெப்' குழுவில் குக்கிகள் அவிழ்க்கப்படுகின்றன, செஷன் தொடங்குகிறது, இன்னும் சில வேலைகள் நடக்கின்றன.
4. கன்ட்ரோலர் இயங்கி, ஒரு வியூ பொருளைத் திருப்பித் தருகிறது.
5. வியூ வரையப்படுவதற்குச் சற்று முன் அதற்குரிய கம்போசர்கள் அழைக்கப்படுகின்றன. பிறகு டெம்ப்ளேட் ஓடுகிறது.
6. பக்கத்தின் டெம்ப்ளேட் ஓடி முடிந்த பிறகுதான் லேஅவுட் ஓடுகிறது.

ஆறாவதைப் படித்துவிட்டுப் பலர் ஒரு நொடி நிற்பார்கள். வெளிச்சட்டம்தானே முதலில் வர வேண்டும் என்று தோன்றும். அப்படி இல்லை. ஏன் என்பதைக் கம்போசர் பகுதியில் பார்க்கலாம்.

## முதல் வழி: ஷேர்

வியூக்களை உருவாக்கித் தரும் பொருள் ஒன்று லாராவெலில் இருக்கிறது. அது வியூ ஃபேக்டரி. ஷேர் என்று அழைத்து ஒரு பெயரையும் மதிப்பையும் கொடுத்தால், ஃபேக்டரி அதைத் தன் பொதுப் பட்டியலில் போட்டு வைக்கிறது. பின்னர் எந்த வியூ வரையப்பட்டாலும், முதலில் பொதுப் பட்டியல், அதன்மேல் அந்த வியூவின் சொந்தத் தரவு என்று இரண்டையும் இணைத்து டெம்ப்ளேட்டிடம் கொடுக்கிறது. இதில் மாயம் எதுவும் இல்லை. இரண்டு பட்டியல்களை இணைக்கும் வேலைதான்.

இணைக்கும் முறையால் ஒரு நன்மை உண்டு. சொந்தத் தரவு மேலே உட்காருவதால், ஷேர் செய்த மதிப்பு இயல்பு மதிப்பாகப் பயன்படும். பக்கத் தலைப்புக்குக் கடையின் பெயரை ஷேர் செய்துவிட்டு, நூல் பக்கம் மட்டும் நூலின் பெயரைத் தலைப்பாக அனுப்பினால் நூலின் பெயரே காட்டப்படும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கன்ட்ரோலர் அதே பெயரில் வெற்று மதிப்பை அனுப்பினாலும் அது பொது மதிப்பை மூடிவிடும். அனுப்பாமல் இருப்பதும் வெறுமையை அனுப்புவதும் இங்கே ஒன்றல்ல.

ஷேர் செய்வதற்குப் பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கும் இடம் சர்வீஸ் புரொவைடரின் பூட் செயல்பாடு. கடையின் பெயர் போன்ற, கட்டமைப்புக் கோப்பிலிருந்து வரும் நிலையான மதிப்புக்கு அது சரியான இடம். மற்றவற்றைக் கொண்டுபோய் அங்கே வைத்தால் தலைவலி மூன்று பக்கமிருந்து வரும்.

முதலாவது, பயனர். பூட் நடக்கும்போது செஷன் இல்லை. ஆகவே உள்நுழைந்தவர் யார் என்று கேட்டால் எவருமில்லை என்றே பதில் வரும். ஷேர் அந்தப் பதிலை அப்படியே பிடித்து வைத்துக்கொள்கிறது. சரி, மதிப்புக்குப் பதில் ஒரு செயல்பாட்டையே ஷேர் செய்தால்? ஷேர் அதைத் தானாக இயக்கிப் பார்ப்பதில்லை. டெம்ப்ளேட்டுக்கு அந்தச் செயல்பாடுதான் போய்ச் சேரும்.

இரண்டாவது, தரவுத்தள வினவல். புத்தக வகைகளைப் படித்து பூட்டில் ஷேர் செய்தால், அந்த வினவல் வியூவே இல்லாத இடங்களிலும் ஓடும். கைபேசிச் செயலிக்கு ஜேசன் வடிவில் வெறும் தரவைத் தரும் கோரிக்கை, கோப்பு இறக்கம், கட்டளை வரியில் ஓட்டும் ஆர்டிசான் கட்டளைகள் எல்லாமே அதற்குக் காசு கட்டும். இன்னும் மோசமான நிலை, புதிதாகச் சேர்ந்தவர் நிரலை இறக்கிக்கொண்டு வேலையைத் தொடங்கும் நாளில் வருகிறது. அவருடைய கணினியில் அட்டவணைகள் இன்னும் இல்லை. அவற்றை உருவாக்க மைக்ரேட் கட்டளையைக் கொடுக்கிறார். அந்தக் கட்டளை ஓட வேண்டுமானால் செயலி பூட் ஆக வேண்டும். பூட் ஆக வேண்டுமானால் வகைகளின் அட்டவணை இருக்க வேண்டும். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்ற கதைதான். அவ்வளவு தூரம் போகாமலே, நூலகங்களை நிறுவும் கட்டத்திலேயே இது வெடிக்கலாம். நிறுவல் முடிந்ததும் லாராவெல் தானாக ஓட்டும் தொகுப்புக் கண்டறியும் கட்டளையும் இதே பூட் வழியாகத்தான் போகிறது. தானியங்கிச் சோதனைச் சர்வரில் காரணம் புரியாமல் விழும் நிறுவல்களில் இதுவும் ஒரு வகை.

மூன்றாவது, நீண்ட நேரம் ஓடும் செயல்முறைகள். அதற்குத் தனியாகப் பின்னால் வருகிறேன்.

## இரண்டாம் வழி: மிடில்வேர்

பயனரையோ கூடையையோ பகிர வேண்டுமானால் செஷன் திறந்த பிறகே முடியும். ஆகவே வெப் குழுவில் ஒரு மிடில்வேரைச் சேர்த்து அதில் ஷேர் செய்வது இயல்பான அடுத்த அடி. லாராவெலே இந்த வழியைக் கையாள்கிறது. படிவச் சரிபார்ப்பில் தோன்றும் பிழைகளுக்கான 'எரர்ஸ்' என்ற மாறி, யாரும் அனுப்பாமலே எல்லா டெம்ப்ளேட்டிலும் கிடைக்கிறது அல்லவா? வெப் குழுவில் உள்ள ஒரு மிடில்வேர் செஷனிலிருந்து பிழைகளை எடுத்து ஷேர் செய்கிறது; பிழை எதுவும் இல்லையென்றால் ஒரு வெற்றுப் பையை ஷேர் செய்கிறது. அதனால்தான் மாறி இருக்கிறதா என்று சோதிக்காமலே டெம்ப்ளேட்டில் அதைப் பயன்படுத்த முடிகிறது. 5.2 பதிப்பில் மிடில்வேர் குழுக்கள் அறிமுகமானபோது, பலருடைய ரூட்டுகள் வெப் குழுவுக்கு வெளியே நின்றுபோயின. எரர்ஸ் மாறியைக் காணோம் என்ற புகார் அப்போது எங்கும் கேட்டது. மாறி காணாமல் போகவில்லை. அதைப் போட்டுத் தரும் கட்டம் ஓடவில்லை.

பழைய பாடங்களில் இன்னொரு வழியைக் காணலாம்: அடிப்படை கன்ட்ரோலரின் கன்ஸ்ட்ரக்டரில் பயனரை ஷேர் செய்வது. 2016-இல் வந்த 5.3 பதிப்பு முதல் அது பலிக்காது. கன்ஸ்ட்ரக்டர் ஓடும் வேளையில் ரூட்டுக்குரிய மிடில்வேர்கள் இன்னும் ஓடியிருக்காது. ஆகவே செஷனும் இல்லை, பயனரும் இல்லை. அந்தக் காலத்துக் குறிப்பு ஒன்றை நகலெடுத்து ஒட்டியதால் வரும் குழப்பம் இன்றும் ஓய்ந்தபாடில்லை.

மிடில்வேர் வழியில் உண்மையான கண்ணி, பிழைப் பக்கங்கள். வெளியிலிருந்து பார்த்தால் 404 ஒன்றுதான். உள்ளே பார்த்தால் மூன்று வகை.

1. முகவரிக்கு ரூட்டே இல்லை. வெப் குழு ஓடவே ஓடாது. செஷன் இல்லை, உள்நுழைந்தவரும் விருந்தினராகவே தெரிவார், நாம் மிடில்வேரில் பகிர்ந்த எதுவும் இல்லை.
2. ரூட் இருக்கிறது, ஆனால் முகவரியில் உள்ள எண்ணுக்குரிய நூல் தரவுத்தளத்தில் இல்லை. ரூட்டோடு மாடலை (தரவுத்தளப் பதிவுக்குரிய பொருளை) தானாக இணைக்கும் மிடில்வேர் இதைக் கண்டுபிடிக்கிறது. அது வெப் குழுவின் இயல்பு வரிசையில் கடைசியில் இருக்கிறது. நாம் புதிதாகச் சேர்த்த மிடில்வேர் அதற்கும் பின்னால் போய் நிற்கிறது. ஆகவே செஷன் உண்டு, பயனர் உண்டு, நம் மாறிகள் மட்டும் இல்லை.
3. கன்ட்ரோலரே 404 என்று கைவிரிக்கிறது. எல்லா மிடில்வேர்களும் ஓடிவிட்டன. எல்லா மாறிகளும் உண்டு.

404 பக்கம் தளத்தின் பொது லேஅவுட்டையே நீட்டித்து, அந்த லேஅவுட் கூடை எண்ணிக்கையைக் கேட்டால், மூன்றாம் வகையில் சரியாகத் தெரியும் பக்கம் முதல் இரண்டில் உடையும். சோதித்துப் பார்ப்பவர் எந்த வகையைச் சோதித்தார் என்பதைப் பொறுத்து 'என் கணினியில் சரியாக இருக்கிறதே' என்பார். எரர்ஸ் மாறிக்கு இந்த ஆபத்து வராதபடி, பிழைப் பக்கத்தை வரையும்போது லாராவெலே அதைத் தனியாக அனுப்பிவிடுகிறது. நம் மாறிகளுக்கு அந்தச் சலுகை இல்லை.

தீர்வாகப் பலர் ஒரு ஃபால்பேக் ரூட்டைச் சேர்க்கிறார்கள். பொருந்தாத முகவரிகளும் அதன் வழியே வெப் குழுவுக்குள் வந்துவிடும். அது முதல் வகையைத்தான் சரிசெய்யும். என் கருத்தில் பிழைப் பக்கங்களுக்குப் பொது மாறி எதையும் நம்பாத, எளிய தனி லேஅவுட் இருப்பதே மேல். தளம் தடுமாறும் நேரத்தில் காட்டும் பக்கம், தளம் நன்றாக இயங்குவதை நம்பி நிற்கக் கூடாது.

## மூன்றாம் வழி: வியூ கம்போசர்

ஷேர் என்பது 'எல்லோருக்கும், இப்போதே'. கம்போசர் அதற்கு நேர் எதிர்: 'இந்த டெம்ப்ளேட்டுக்கு மட்டும், அது வரையப்படும்போது மட்டும்'. ஒரு வியூவின் பெயரையும் ஒரு செயல்பாட்டையும் அல்லது வகுப்பையும் இணைத்துப் பதிவு செய்கிறோம். பதிவு நடப்பது பூட்டில்தான். ஆனால் உள்ளே இருக்கும் வேலை, அந்த வியூ வரையப்படும் தருணத்தில்தான் நடக்கிறது. அதற்குள் செஷன் திறந்திருக்கும், பயனர் தெரிந்திருப்பார். ஜேசன் கோரிக்கையில் வியூ இல்லாததால் வினவலும் இல்லை. மைக்ரேட் கட்டளையும் இடறாது.

உள்ளே இது ஒரு நிகழ்வு அமைப்பு. ஒவ்வொரு வியூவும் வரையப்படும் முன், 'இன்ன பெயருடைய வியூ தயாராகிறது' என்று ஒரு நிகழ்வு அறிவிக்கப்படுகிறது. அந்தப் பெயருக்குக் காத்திருக்கும் கம்போசர்கள் ஓடுகின்றன. இதற்கு நெருங்கிய உறவான கிரியேட்டர், வியூ பொருள் உருவான உடனே ஓடுகிறது. அதன் தேவை மிக அபூர்வம்.

பெயரின் இடத்தில் நட்சத்திரக் குறி போட்டால் எல்லா வியூக்களுக்கும் கம்போசர் பொருந்தும். தொல்லை இங்கேதான் முளைக்கிறது. வியூ என்றால் பக்கம் என்று நாம் நினைக்கிறோம். லாராவெலுக்கு, இன்க்ளூட் செய்த ஒவ்வொரு துண்டும் ஒரு வியூ. லேஅவுட் ஒரு வியூ. பல இடங்களில் பயன்படுத்தத் தனியாக எழுதிய பகுதியான கம்போனன்டின் டெம்ப்ளேட்டும் ஒரு வியூ. நூல் பட்டியல் பக்கத்தில் 24 நூல்கள், ஒவ்வொன்றுக்கும் நூல் அட்டை என்ற துண்டு இன்க்ளூட் ஆகிறது என்று கொள்வோம். பக்கம் 1, அட்டைகள் 24, லேஅவுட் 1, அதற்குள் தலைப்பகுதி 1, அடிப்பகுதி 1: ஆக 28 வியூக்கள். நட்சத்திரக் கம்போசருக்குள் வகைகளைப் படிக்கும் வினவல் இருந்தால் அது 28 முறை ஓடும். நூல் அட்டைக்குள் விலைப் பட்டை என்று இன்னொரு துண்டு இருந்தால் 52. கம்போசரை வகுப்பாக எழுதி, முடிவை அதன் பண்பில் சேமித்து வைத்தாலும் இது குறையாது. ஒவ்வொரு அழைப்புக்கும் அந்த வகுப்பு புதிதாக உருவாக்கப்படுகிறது. வகுப்புகளிலிருந்து பொருள்களை உருவாக்கித் தரும் கன்டெய்னரில் அதை ஒற்றைப் பொருளாகப் பதிவு செய்தால்தான் சேமிப்பு நிலைக்கும்.

நட்சத்திரத்தைத் தவிர்த்து, தலைப்பகுதித் துண்டின் பெயரைக் கொடுத்தால் 28 என்பது 1 ஆகிவிடும். முடிவைச் சேமித்து மறுபடி பயன்படுத்தும் கேச் எதுவும் தேவைப்படவில்லை. தலைப்பகுதிதான் வகைகளைக் கேட்கிறது. தலைப்பகுதிக்கு மட்டும் கொடுப்போம் என்ற எண்ணமே போதும்.

## பக்கம் முதலில், லேஅவுட் பிறகு

கம்போசரை லேஅவுட்டின் பெயரில் பதிவு செய்பவர்கள் அடுத்துச் சந்திப்பது இது. லேஅவுட்டில் மாறி கிடைக்கிறது. அதே மாறியைப் பக்கத்தின் டெம்ப்ளேட்டில் எழுதினால் வரையறுக்கப்படாத மாறி என்கிறது. பக்கம் லேஅவுட்டுக்குள்தானே இருக்கிறது?

பிளேட் உருவாக்கும் பி.எச்.பி. கோப்பைத் திறந்து பார்த்தால் புரிந்துவிடும். லாராவெல் திட்டத்தின் ஸ்டோரேஜ் கோப்புறைக்குள், ஃபிரேம்வொர்க் என்பதன் கீழ் வியூஸ் என்ற கோப்புறையில் அவை இருக்கின்றன. டெம்ப்ளேட்டின் முதல் வரியில் நாம் எழுதிய 'எக்ஸ்டென்ட்ஸ்' அங்கே முதல் வரியில் இருக்காது; கோப்பின் கடைசி வரியாக மாறியிருக்கும். பக்கத்தின் பகுதிகள் முதலில் ஓடி, அவற்றின் வெளியீடு பெயரிட்டுச் சேமிக்கப்படுகிறது. கடைசி வரி லேஅவுட்டை உருவாக்கி, அதுவரை அந்தக் கோப்பில் உருவான எல்லா மாறிகளையும் அதற்குக் கொடுத்து, வரையச் சொல்கிறது. லேஅவுட்டின் கம்போசர் ஓடுவது அப்போதுதான். பக்கம் எப்போதோ முடிந்துவிட்டது.

ஆகவே மாறிகள் பக்கத்திலிருந்து லேஅவுட்டுக்குப் போகும். லேஅவுட்டிலிருந்து பக்கத்துக்கு வராது. இதில் ஒரு கசிவும் உண்டு. பக்கத்தில் வகைகளைச் சுற்றிவர 'வகை' என்ற மாறியோடு ஒரு சுழல் எழுதினால், சுழல் முடிந்த பின்னும் கடைசி வகை அந்த மாறியில் தங்கியிருக்கும், பி.எச்.பி.யின் இயல்பு அது. அப்படியே லேஅவுட்டுக்கும் போய்விடும். லேஅவுட்டின் பட்டியலில் 'வகை என்ற மாறி இருந்தால் அதைத் தடித்துக் காட்டு' என்று எழுதியிருந்தால், காரணமே இல்லாமல் கடைசி வகை தடித்துத் தெரியும். இந்தப் பிழையைத் தேடுபவர் கம்போசரையும் கேச்சையும் புரட்டிப் பார்ப்பார். பக்கத்தின் சுழல் மீது யாருக்குச் சந்தேகம் வரும்? பொது மாறிகளுக்கு அன்றாடப் பெயர்களைச் சூட்டாமல், எதைச் சேர்ந்தது என்று தெரியும்படி நீளமான பெயர் வைப்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

## ஒரே பெயர் பல இடங்களில் வந்தால்

1. ஷேர் செய்த மதிப்பு அடித்தளம். அது எல்லாவற்றுக்கும் கீழே.
2. கன்ட்ரோலர் அனுப்பியது அதை மூடும்.
3. கம்போசர் கொடுத்தது கன்ட்ரோலர் அனுப்பியதையும் மூடும். அது கடைசியில் ஓடுகிறது.

மூன்றாவது பலருக்கு எதிர்பாராதது. 'நான் கன்ட்ரோலரில் சரியாகத்தான் அனுப்புகிறேன், டெம்ப்ளேட்டில் வேறு ஏதோ வருகிறது' என்றால், அதே பெயரில் ஒரு கம்போசர் எங்கோ உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. கன்ட்ரோலரின் மதிப்புக்கு வழிவிட வேண்டுமென்றால், வியூவில் அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று கம்போசரே சோதித்துக்கொள்ள வேண்டும்.

## கம்போனன்ட் என்னும் மாற்றுவழி

வகுப்போடு கூடிய பிளேட் கம்போனன்ட் இந்தச் சிக்கலை வேறு பக்கத்திலிருந்து அணுகுகிறது. தலைப்பகுதியை ஒரு கம்போனன்டாக்கி, அதன் வகுப்பே வகைகளைப் படித்துக்கொள்ளும்படி எழுதலாம். கம்போனன்டின் டெம்ப்ளேட்டுக்கு வெளிப் பக்கத்தின் மாறிகள் தெரியாது. தன் வகுப்பு கொடுப்பதும், பண்புகளாக அனுப்பியதும், ஷேர் செய்த பொது மதிப்புகளும் மட்டுமே தெரியும். மேலே சொன்ன சுழல் கசிவு இதற்குள் நுழையாது.

கம்போசரைவிட இதை நான் விரும்புவதற்குக் காரணம், தேடும் வசதி. டெம்ப்ளேட்டில் தலைப்பகுதிக் கம்போனன்ட் என்று எழுதியிருந்தால், அந்த வகுப்பைத் திறந்தால் தரவு எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்துவிடும். கம்போசரில் டெம்ப்ளேட்டைப் பார்த்தால் எதுவும் தெரியாது. புரொவைடரில் எங்கோ பதிவாகியிருக்கும். ஏற்கெனவே இன்க்ளூட்களால் கட்டிய பழைய தளத்தில் கம்போசர் குறைந்த வேலை. புதிதாகத் தொடங்கினால் கம்போனன்ட்.

## செயலி அணையாமல் ஓடும்போது

வழக்கமான பி.எச்.பி.யில் ஒவ்வொரு கோரிக்கையோடும் எல்லாம் பிறந்து, அதோடு எல்லாம் மறைகிறது. லாராவெலின் துணைத் தொகுப்பான ஆக்டேன் அப்படியல்ல. ஸ்வூல், ரோட்ரன்னர், ஃபிராங்கன்பி.எச்.பி. ஆகிய சர்வர்களில் ஏதாவது ஒன்றின் மேல் அது செயலியை ஒருமுறை பூட் செய்து, நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு, பல கோரிக்கைகளுக்குப் பதில் தருகிறது. பின்னணி வேலைகளைச் செய்யும் க்யூ வொர்க்கரும் இதே மாதிரிதான். பூட்டில் படித்து ஷேர் செய்த வகைப் பட்டியல், வொர்க்கர் மறுபடி தொடங்கும்வரை மாறாது. புதிய வகையைச் சேர்த்த பிறகும் மின்னஞ்சல் டெம்ப்ளேட்டுகளில் பழைய பட்டியலே போய்க்கொண்டிருக்கும்.

அதைவிடக் கவலைக்குரியது பயனர் தரவு. உள்நுழைந்திருந்தால் மட்டும் பெயரை ஷேர் செய், இல்லையென்றால் ஒன்றும் செய்யாதே என்று மிடில்வேர் எழுதியிருந்தால், ஃபேக்டரியின் பொதுப் பட்டியலில் முந்தைய கோரிக்கையின் பெயர் தங்கி, அடுத்து வரும் விருந்தினருக்குத் தெரியும் ஆபத்து இருக்கிறது. இரண்டு கிளைகளிலும் மதிப்பை எழுத வேண்டும். விருந்தினர் என்றால் வெறுமையை எழுத வேண்டும். கம்போசர் கொடுத்த மதிப்பு அந்தந்த வியூ பொருளோடு மறைந்துவிடுவதால் அதற்கு இந்தச் சங்கடம் இல்லை.

பக்கத்தைப் பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் வரையும்படி லாராவெலோடு இணைக்கும் இனெர்ஷியாவைப் பயன்படுத்தும் தளங்களில் 'ஷேர்' என்ற சொல்லுக்கு இன்னும் கனம் கூடுகிறது. பிளேட்டில் ஷேர் செய்த மதிப்பு சர்வரைவிட்டு வெளியேறுவதில்லை. டெம்ப்ளேட் அச்சிட்டது மட்டுமே வெளியே போகும். இனெர்ஷியாவின் ஷேர், மதிப்பை ஜேசனாக்கிப் பக்கத்தோடு பிரவுசருக்கே அனுப்புகிறது. பயனர் மாடலை முழுதாகப் பகிர்ந்தால், மறைக்கச் சொல்லாத புலங்கள் எல்லாம் பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்ப்பவர் கண்ணில் படும். பெயர், படம் என்று தேவையான புலங்களை மட்டும் பொறுக்கி அனுப்ப வேண்டும்.

## மற்ற ஃபிரேம்வொர்க்குகளில்

கட்டங்கள் வேறு பெயர்களில் அங்கும் உண்டு. சிம்ஃபனியோடு வரும் டெம்ப்ளேட் மொழியான ட்விக்கில் நிலையான பொது மதிப்புகளைக் கட்டமைப்புக் கோப்பிலேயே எழுதலாம். பயனர், கோரிக்கை போன்றவற்றுக்கு 'ஆப்' என்ற ஒற்றை மாறி தயாராக இருக்கிறது. அதன் அழகு, கேட்கும்போது மட்டுமே பயனரைத் தேடிக் கொடுப்பது. நேரச் சிக்கலே எழுவதில்லை. கேக்பி.எச்.பி.யில் கன்ட்ரோலரின் வரைவதற்கு முந்தைய கொக்கி இந்த வேலையைச் செய்கிறது. யீ 2-இல் வியூ பொருளிலேயே 'பாராம்ஸ்' என்ற பொதுப் பை இருக்கிறது. பக்கம் அதில் போட்டதை லேஅவுட் எடுத்துக்கொள்கிறது.

## புத்தகக் கடையின் நான்கு மதிப்புகள்

கடையின் பெயர் கட்டமைப்பில் இருக்கிறது, பூட்டிலேயே தெரியும், எல்லா டெம்ப்ளேட்டுக்கும் வேண்டும். பூட்டில் ஷேர் செய்யலாம். டெம்ப்ளேட்டிலிருந்து கட்டமைப்பை நேரடியாகப் படித்தாலும் தவறில்லை.

வகைப் பட்டியல் தரவுத்தளத்தில் இருக்கிறது, எப்போதாவது மாறும், தலைப்பகுதிக்கு மட்டும் வேண்டும். தலைப்பகுதிக் கம்போனன்டின் வகுப்பு அதைப் படிக்கட்டும். கோரிக்கைக்கு ஒரு வினவலும் மிகுதி என்று தோன்றினால் கேச்சில் வைத்து, வகை சேரும்போதும் மாறும்போதும் அழியும்போதும் கேச்சைத் துடைக்கலாம்.

உள்நுழைந்தவரின் பெயரைப் பகிரவே வேண்டாம். பிளேட்டில் எந்த இடத்திலும் பயனரைக் கேட்கும் துணைச் செயல்பாடு இருக்கிறது. முதல் முறை தேடிய பயனரை அது அந்தக் கோரிக்கை முழுவதும் நினைவில் வைத்திருப்பதால், பத்து முறை கேட்டாலும் வினவல் ஒன்றுதான். இவ்வளவு எளிதாகக் கிடைப்பதை ஷேர் செய்யப் போய்த்தான் பாதிப் பேர் இந்தச் சிக்கலுக்குள் நுழைகிறார்கள்.

கூடை எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும், செஷனை நம்பியிருக்கிறது, தலைப்பகுதியில் மட்டும் தெரிகிறது. ஆகவே அதுவும் தலைப்பகுதிக் கம்போனன்டுக்குள்ளேயே கணக்கிடப்படட்டும்; செஷன் இல்லாத கோரிக்கையில் 0 என்று காட்டட்டும். முழுப் பக்கத்தையும் சர்வருக்கு முன்னால் கேச் செய்யும் தளமாக இருந்தால் மட்டும் இது போதாது: ஒருவருடைய கூடை எண் அடுத்தவருக்குப் போய்விடும். அங்கே எண்ணின் இடத்தைக் காலியாக விட்டு, பக்கம் திறந்த பிறகு பிரவுசரே ஒரு சிறு கோரிக்கையில் அதைக் கேட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும்.